முருங்கை மரத்தில் அடைந்த கோழிகள்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. கோழி அடையும் நேரத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது? சிலருக்குக் காபி ஞாபகம் வரும், சிலருக்கு மாத்திரை ஞாபகம் வரும். எனக்கு இருப்புக் கொள்ளாது. சேலையூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். கோழியைப் பார்க்க வேண்டுமென்றால் கேம்ப் ரோடு கறிக்கடைக்குத்தான் போக வேண்டும். இருந்தும், வெயில் இறங்கி எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி கறுக்க ஆரம்பித்தால் நாற்காலியில் உட்கார முடியாது. பால்கனிக்குப் போய் நிற்பேன். ஒரு தடவை இருமுவேன்.

சளியும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை. சும்மா இருமுவேன். கொரோனா வந்து போன பிறகு இருமல் சத்தம் கேட்டால் ஜன்னல்கள் தாமாகச் சாத்திக்கொள்கின்றன. அடுத்த வீட்டுப் பெண், நல்ல பெண்தான், ஐ.டி. கம்பெனியில் வேலை, ஒருநாள் லிப்டில் மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, டெய்லி ஈவினிங் இருமறீங்களே, ஒரு செஸ்ட் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமே?"

"எடுத்தாச்சும்மா. ஒம்பது வயசுலயே எடுத்தாச்சு," என்றேன். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். பாவம், சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். வீட்டுக்காரர் போன பிறகு நான் ஒருத்திதான். பேச ஆள் கிடைத்தால் விட மாட்டேன் என்று பிளாக்கில் பெயர் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காகிதம் பாதியில் எழுந்து போகாது.

நான் பிறந்து வளர்ந்தது தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ். சிவப்புச் செங்கல் வரிசை வீடு. முன்னால் ஒரு அறை, நடுவில் ஒரு அறை, சமையலறை, பின்னால் கொல்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல், முருங்கை மரம், மதிலை ஒட்டிக் கோழிக் கூடு. பார்சல் பெட்டிப் பலகையை அறுத்து அப்பா அடித்த கூடு அது. மேலே தார் டின்னைப் பிரித்து நிமிர்த்திய தகரம். கதவு என்று தனியாகக் கிடையாது, மேலிருந்து இறக்குகிற ஒரு பலகை மட்டும். அந்தப் பலகை இறங்கும்போது தடக்கென்று ஒரு சத்தம் வரும். அதோடு எங்கள் வீட்டில் பகல் முடிந்தது.

கோழிகள் அம்மாவுடையவை. ஒரு சேவல், ஐந்தாறு பெட்டைகள். கழுத்தில் இறகில்லாத ஒன்றை மொட்டைக் கழுத்து என்று கூப்பிடுவோம். அதுதான் தலைவி. அது எங்கே போகிறதோ அங்கே மற்றவை போகும். ஒரு கருப்பி, ஒரு செவலை, மற்றவற்றுக்குப் பெயர் வைத்ததாக ஞாபகமில்லை. காலையில் கூட்டைத் திறந்துவிடுவது என் வேலை. மாலையில் அடைப்பது அம்மா மட்டும்தான். விளக்கு வைத்ததும் முன் அறை ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். "கோழி அடைச்சிட்டு வரேன். நீ வராத, பூச்சி பொட்டு இருக்கும். எழுது," என்று சொல்லிவிட்டு நொய் போட்டு வைத்திருக்கும் டால்டா டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள். நான் ரேடியோ பாட்டைக் கேட்டுக்கொண்டே வாய்ப்பாடு எழுதுவேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் கொல்லையிலிருந்து அம்மா இருமுவது கேட்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. யார்தான் இருமவில்லை?

பிள்ளையார் சதுர்த்தி முடிந்து, களிமண் பிள்ளையாரைக் கிணற்றில் போட்ட வாரம் அம்மா கிளம்பினாள். ஒயர் கூடையில் இரண்டு புடவை, ஒரு தம்ளர், சீப்பு. சித்திக்குப் பிரசவம், அரக்கோணம் போகிறாள் என்று அப்பா சொன்னார். நான் வழக்கம்போல ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளப் போனேன். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லு."

நான் நின்றுவிட்டேன். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தேன். முந்தின நாள் பால் பொங்கவிட்டது ஞாபகம் வந்தது.

"ராத்திரியில கோழிய வெளியில விட்டுடாத. மரநாய் இருக்கு. நான் வர்ற வரைக்கும் நீதான் தெனமும் அடைக்கணும். என்ன?"

தலையாட்டினேன். அவ்வளவுதான், போய்விட்டாள். கன்னத்தைக்கூடத் தொடவில்லை.

அம்மா அரக்கோணம் போகவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இருந்தாள். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் வேப்ப மரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக வார்டுகள் இருக்குமே, அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியில். அந்த நோயின் பெயரைச் சொன்னால் குழாயடியில் பக்கத்தில் குடம் வைக்க மாட்டார்கள். அதனால் அப்பா சொன்ன பொய் அது. வேடிக்கை என்னவென்றால் குவார்ட்டர்ஸ் முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

எனக்குப் பள்ளிக்கூடம் குரோம்பேட்டையில். அந்தக் காலத்துச் சின்ன மின்சார ரயிலில், அடுத்த வரிசை வீட்டு அக்காவோடு போவேன். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது சானடோரியம். காலையிலும் மாலையிலும் அங்கே வண்டி நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வேப்ப மரங்களைப் பார்த்துக்கொண்டே, அரக்கோணத்தில் அம்மா இன்றைக்கு என்ன சமைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷமாகியும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்பா நல்லவர்தான். அதற்காகக் கோபம் வராமல் இருக்குமா?

சமைத்துப் போட அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. குரோம்பேட்டையில் தனியாக இருந்தவள். வந்ததும் அம்மாவின் தட்டு, தம்ளர், பாய், தலையணை எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். பிறகு தலையணையைக் கொளுத்தினாள். எதற்கு என்று கேட்டேன். "மூட்டப்பூச்சி," என்றாள். ரேடியோவுக்கும் அவளுக்கும் ஆகாது. அது மேலே துணி போர்த்தப்பட்டு ஊமையாக உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் மாலையே கோழிகள் என்னை ஏமாற்றின. டால்டா டப்பாவை ஆட்டினேன், "பக்... பக்... பக்..." என்று கூப்பிட்டேன். காலையில் அந்தச் சத்தத்துக்கு இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வருகிறவை, இப்போது ஒன்றும் அசையவில்லை. கூட்டைச் சுற்றி நடந்தன. மொட்டைக் கழுத்து எதையோ எதிர்பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. வெளிச்சம் குறைந்ததும் துவைக்கும் கல்லில் ஏறி, அங்கிருந்து மதில், மதிலிலிருந்து முருங்கைக் கிளை. மற்றவையும் பின்னாலேயே ஏறிக் கிளையில் வரிசையாக உட்கார்ந்தன.

"இன்னாடி இது, கோழி மரத்துல ஏறிக்கினு கீது?" அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "உங்கம்மா இன்னா மந்திரம் போட்டு அடைச்சிக்கினு இருந்தாளோ, யாரு கண்டா."

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டம்மா, ஆங்கிலம் கலந்து பேசுகிறவர், மாதா கோவிலுக்குப் போகிறவர், கூட்டுக்குள் பாம்பு வாசனை இருக்கும், சாம்பிராணி போடுங்கள் என்றார். போட்டோம். கூடு மணந்தது, கோழி போகவில்லை. விமானப்படைத் தளத்திலிருந்து மாலையில் கிளம்பும் பயிற்சி விமானத்தின் சத்தத்தில் மிரள்கின்றன என்று அப்பா கண்டுபிடித்தார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்த கோழிகள் அவை. அத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளினாள். கையெல்லாம் கொத்து வாங்கினாள். மறுநாள் அவை இன்னும் மேல் கிளைக்குப் போய்விட்டன. இரண்டு நாள் திறக்காமலே அடைத்து வைத்துப் பார்த்தோம். நாற்றம் தாங்காமல் அத்தையே திறந்துவிட்டாள். அன்று மாலை நேராக முருங்கை மரம்.

புரட்டாசி மழை ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், மரத்தடியில் செவலையின் இறகுகள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. மரநாய். நான் உட்கார்ந்து அந்த இறகுகளைப் பொறுக்கினேன். ஒன்பது வயதுக்கு ஒரு கணக்கு இருக்கும் அல்லவா? எனக்கும் இருந்தது. அம்மா என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது கோழிகளை மட்டும்தான். அவை இருந்தால் அம்மா வருவாள். ஒவ்வொன்றாகப் போய்விட்டால் வருவதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? என்னைத்தான் தொடக்கூட இல்லையே. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளுமில்லை. அப்பா வேலைக்குப் போவார், வந்து தூங்குவார். முட்டைகளைத் தவிடு போட்ட டிபன் பாக்ஸில் அடுக்கி எடுத்துக்கொண்டு போவார். "சித்திக்கு. பிள்ளை பெத்தவ சாப்பிடணும்," என்பார்.

அந்தத் தவிடுதான் கடைசியில் உதவியது. ஒரு மாலை, நொய்க்குப் பதிலாகத் தவிட்டைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பானைக்குள் தலையை விட்டு அள்ளினேன். தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஏறிவிட்டது. கொல்லையில் நின்று கண்ணில் நீர் வர இருமினேன். நிமிர்ந்து பார்த்தால் மொட்டைக் கழுத்து கல்லில் பாதி ஏறிய நிலையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி இருமல் வந்தது. அது கல்லிலிருந்து குதித்து, குடுகுடுவென்று ஓடி, கூட்டுக்குள் நுழைந்தது. பின்னாலேயே கருப்பி, அதன் பின்னால் மற்றவை, கடைசியில் சேவல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் தவிடு இல்லாமல் பொய்யாக இருமிப் பார்த்தேன். கோழிகள் திரும்பிப் பார்த்தன, வரவில்லை. என் இருமலாக இருமக் கூடாது என்று எப்படியோ தோன்றியது. அம்மா எப்படி இருமுவாள்? கண்ணை மூடி யோசித்தேன். பாட்டுக்கு நடுவில் கேட்டது நினைவுக்கு வந்தது. சின்னதாக இரண்டு, மூச்சு இழுத்து நீளமாக ஒன்று, கடைசியில் தொண்டையைச் செருமுவது. அப்படியே இருமினேன். எல்லாம் உள்ளே போய்விட்டன. நொய்யைக் கூட்டுக்குள் தூவிப் பலகையை இறக்கினேன். தடக்.

அந்த நோய் வந்தவர்களுக்கு மாலையானால் காய்ச்சல் ஏறும், இருமலும் கூடவே வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். வீட்டுக்குள் இருமினால் தெரிந்துவிடும் என்று அம்மா கோழியைச் சாக்கு வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போயிருக்கிறாள். கூட்டில் சாய்ந்து நின்று, முந்தானையை வாயில் வைத்து இருமி முடித்துவிட்டு, நொய் தூவி அடைத்திருக்கிறாள். மாதக் கணக்கில் இது நடந்திருக்க வேண்டும். கோழிகளுக்கு அந்த இருமல்தான் சாப்பாட்டு மணி.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தொண்டையிலிருந்து அம்மாவின் சத்தம் வருகிறது என்பதுதான். ரேடியோ இல்லாத, பேச்சில்லாத அந்த வீட்டில் அம்மாவுடையது என்று மிச்சமிருந்தது அது ஒன்றே. கோழிகள் எல்லாம் உள்ளே போன பிறகும் நான் இன்னொரு தடவை இருமுவேன். எனக்காக.

இருமல் சுவருக்குள் அடங்கி இருக்குமா? முதலில் பக்கத்து வீட்டம்மா தன் பிள்ளைகளை என்னோடு விளையாட வர வேண்டாம் என்று தடுத்தார். ரயிலில் அந்த அக்கா எதிர் ஸீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய் வந்தன. அம்மா மாதிரியே எனக்கும் வெந்நீர் ஊற்றிக் கழுவினாள் அத்தை. பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் தனித் தட்டு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது தனிக் கதை.

ஒரு மாலை நான் கொல்லையில் இருமிக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து திரும்பிய அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தார். கொல்லை வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கையில் சாப்பாட்டுக் கேரியர் ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

"நீயா இருமின?"

"ஆமாம்பா. கோழி அடைக்கிறேன்."

"கோழி அடைக்கறதுக்கு எதுக்கு இருமற?"

"இருமினாத்தாம்பா உள்ள போகுது."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டுக்கோடா தம்பி. கோழிக்காக இருமறாளாம்! ஒரு வாரமா நானும் பாத்துக்கினு கீறேன். அவளுக்கு வந்தாப்லயே சாயங்காலமானா வருது. அந்தக் கோழிக் கூட்டண்ட போயி நின்னு நின்னுதான் இவளுக்கும் ஒட்டிக்கிச்சு. எல்லாத்தையும் புடிச்சிக் கறிக்கடையில குடுத்துட்டு வா, சொல்லிட்டேன்."

"கோழிய எதுவும் பண்ணாதீங்க!" என்று கத்தினேன். கத்தியதில் நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. அதற்கு மேல் யார் என்னை நம்புவார்கள்?

அப்பா, முதலில் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதுவரை நான் கொல்லைப் பக்கம் போகக் கூடாது என்று முடிவானது. எனக்கு எட்டாத மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள் அத்தை. மாலையில் கதவில் காதை வைத்து நின்றேன். கோழிகள் கூட்டைச் சுற்றி முனகிக்கொண்டு நடந்தன. கதவுக்குள்ளிருந்து இருமினேன். அத்தை கேட்டுவிட்டு, அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தாள். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் கருப்பியைக் காணவில்லை. அத்தையை எனக்கு அன்று சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் இதே நோயில் போனவர் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.

மழை விட்ட ஒரு காலையில் அப்பா என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். ஏறி உட்கார்ந்து டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்குள் வண்டி நின்றது.

"இறங்கு பாப்பா. இங்கதான்."

"இது சானடோரியம்பா."

"தெரியும். இறங்கு."

வேப்ப மரத்தடியில் ஈர மண்ணும் பினாயிலும் கலந்து மணத்தன. இருட்டான அறையில் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஜில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிறுத்தினார்கள். மூச்சைப் பிடி என்றார்கள், விடு என்றார்கள். கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கே. எங்க, ஒரு தடவை இருமு பாக்கலாம்."

"இப்ப வராது டாக்டர். கோழி இருந்தாத்தான் வரும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், பிடித்த கையை உடனே விடவுமில்லை.

வெளியே வந்து, வந்த வழியே நடந்தோம். ஒரு பக்கம் நீளமான வார்டு வராந்தா. உள்ளே இருந்து இருமல் சத்தம், ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. அப்பா என் கையைப் பிடித்து வேகமாக நடத்தினார். அத்தனை இருமலுக்கு நடுவே ஒன்று கேட்டது. சின்னதாக இரண்டு, மூச்சு இழுத்து நீளமாக ஒன்று, பிறகு ஒரு செருமல்.

நான் நின்றுவிட்டேன்.

"அப்பா, அம்மா."

"இல்ல பாப்பா, வா."

கையை உதறிக்கொண்டு ஓடினேன். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். தலைமுடி வகிடு அகலமாகியிருந்தது, கன்னம் மட்டும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை நீட்டினாள்.

"அங்கயே நில்லு."

அரக்கோணத்துக்குக் கிளம்பிய அன்று சொன்ன அதே சொல், நீட்டிய அதே கை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்கு என் மேல் கோபமில்லை என்று. வராந்தாவின் படிக்குக் கீழே ஈர மண்ணில் நின்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவோ கேட்க இருந்தது. அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒன்றுதான் கேட்டாள்.

"கோழியெல்லாம் அடையுதா?"

"அடையுதும்மா."

"எல்லாம் இருக்கா?"

"இருக்கும்மா," என்றேன். செவலையைப் பற்றியும் கருப்பியைப் பற்றியும் சொல்ல அது இடமில்லை. பின்னால் வந்து நின்ற அப்பா பையில் வைத்திருந்த டிபன் பாக்ஸை எடுத்துப் படியில் வைத்தார். தவிட்டுக்குள் முட்டைகள். அவை எந்தப் பிள்ளை பெற்றவளுக்குப் போயின என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. வெளிச்சம் இறங்கியதும் அவரே மேல் தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். "போ, அடைச்சிட்டு வா," என்றார். கோழிகள் அதற்குள் மரத்தில் ஏறியிருந்தன. நான் கூட்டுப் பக்கத்தில் போய் நின்று இருமினேன். முதலில் மொட்டைக் கழுத்து மதிலுக்கு இறங்கியது, பிறகு கல், பிறகு தரை. ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் போயின. பலகையை இறக்கிவிட்டுத் திரும்பினேன். அப்பா துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் வாசலில் அத்தை நின்றிருந்தாள். அதன் பிறகு கறிக்கடைப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. என் தனித் தட்டு மட்டும் அப்படியே இருந்தது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழையிலும் பனியிலும் மாலை தவறாமல் இருமினேன். ஒரு கோழிகூட அப்புறம் குறையவில்லை. ரயில் சானடோரியத்தில் நிற்கும்போது மட்டும் எழுந்து நின்று ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொள்வேன். வார்டு அங்கிருந்து தெரியாது. மரங்கள்தான் தெரியும்.

பொங்கல் கழிந்து, முருங்கை பூத்து, கொல்லை முழுக்க வெள்ளையாக உதிர்ந்து கிடந்தபோது அம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். அதே ஒயர் கூடை. குணமாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். அம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. தன் தட்டைத் தானே கழுவினாள். பாயைத் தனியாக விரித்தாள். நான் பக்கத்தில் போனால் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்துவிடுவாள். வந்ததிலிருந்து என்னைத் தொடவேயில்லை. வீட்டுக்குள் அம்மா இருக்கும்போதே அம்மாவுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். அவள் அரக்கோணத்தில் இருப்பதாக நினைத்து ஏங்கியதைவிட இது கொடுமை.

மாலையில் டால்டா டப்பாவை அம்மாவே எடுத்தாள். "நீ உள்ள இரு. அம்மா அடைப்பா," என்றார் அப்பா. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

"பக்... பக்... பக்..." என்றாள் அம்மா. கோழிகள் அவளைச் சுற்றி வந்தன, காலடியில் கொத்தின. வெளிச்சம் குறைந்ததும் கல்லில் ஏறின. அம்மா டப்பாவை ஆட்டினாள். மொட்டைக் கழுத்து மதிலுக்குப் போனது, அங்கிருந்து கிளைக்கு. அம்மா நல்லபடியாகக் குணமாகி வந்ததுதான் இப்போது கோளாறு. அவளுக்கு இருமலே இல்லை.

மரத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றவள், என் பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளா எப்படிடி அடைச்ச?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. படியிறங்கிப் போய்க் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். சின்னதாக இரண்டு, மூச்சு இழுத்து நீளமாக ஒன்று, கடைசியில் செருமல்.

கிளை ஆடியது. முருங்கைப் பூ உதிர்ந்தது. மொட்டைக் கழுத்து இறங்கி வந்து அம்மாவைத் தாண்டிக் கூட்டுக்குள் போனது. பின்னாலேயே மற்றவை. கடைசியாகச் சேவல்.

அம்மா டப்பாவைக் கூட்டுத் தகரத்தின் மேல் வைத்தாள்.

"நான் இப்படியா இருமினேன்?"

"சில நாள் இன்னும் ஜாஸ்தியா இருக்கும்மா."

"ரேடியோ வெச்சிருந்தேனே..."

"ஒரு பாட்டு முடிஞ்சி அடுத்த பாட்டு வர்றதுக்குள்ள கேக்கும்மா."

அம்மா குனிந்து பலகையை இறக்கினாள். தடக். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கையை விரித்து என் நெஞ்சின் மேல் வைத்தாள். "இனிமே நீ இருமக் கூடாது," என்றாள். நான் சரியென்று சொன்னேன். இருட்டி, அத்தை விளக்கை எடுத்துக்கொண்டு வந்து கூப்பிடுகிற வரைக்கும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.